சிகரெட் கம்பெனி மீது நான் போடாத வழக்கு

என் வீட்டுக்காரருக்கு என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே, அந்த நோயைக் கொடுத்தவன் மீது வழக்குப் போட வக்கீலைத் தேடிப் போனவள் நான். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைத்த கதை என்று இன்றைக்கும் அவர் கேலி செய்கிறார். செய்யட்டும். கேலி செய்ய ஆள் இருக்கிறாரே, அது போதும் எனக்கு.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, பென்னலூரில் எங்கள் ஊர்ப் பெண்களோடு ஒரே அறையில் கிடந்தவள். அவர் வல்லக்கோட்டைக்கு அடுத்த ஊர்க்காரர். அவர்கள் நெல் விளைத்த நிலத்தின் மேல் இப்போது ஒரு கிடங்கு நிற்கிறது. கார்களுக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலையில், பெயிண்ட் அடிக்கிற பிரிவில் அவருக்கு வேலை. இரண்டு கம்பெனிக்கும் அப்போது ஒரே பஸ். ஜன்னல் ஓர இருக்கைக்காக அவரோடு சண்டை போட்டேன். சண்டை முற்றிக் கல்யாணத்தில் முடிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். அவருடைய ‘இன்னாமே’யும் என்னுடைய ‘என்ன சொல்லுதிய’யும் கலந்து, மகள் பேசுவது எந்த ஊர்த் தமிழ் என்று அவள் டீச்சருக்கே குழப்பம்.

நல்ல மனிதர். சமைப்பார், துணி காயப்போடுவார், நான் கத்தினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். சிகரெட் ஒன்றுதான் குறை. அதையும் வீட்டில் பிடிக்க மாட்டார். அதற்குக் காரணம் ஒழுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் கம்பெனி கேட். பெயிண்டும் தின்னரும் இருக்கிற இடம் என்பதால் தீப்பெட்டி, லைட்டர், சிகரெட் எதுவும் உள்ளே போகக் கூடாது. செக்யூரிட்டி பையையும் சட்டையையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார். அதனால் அங்கே யாரும் பெட்டியாக வாங்குவதில்லை. கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒன்று ஒன்றாக வாங்கி, அங்கேயே நின்று பிடித்து முடித்துவிட்டு உள்ளே போவார்கள். ஷிப்ட் விட்டதும் மறுபடி அங்கேதான். யாரிடமும் லைட்டர் இருக்காது என்பதால், கடைக்கார அக்காவே ஒரு லைட்டரைக் கயிற்றில் கட்டிக் கம்பத்தில் தொங்கவிட்டிருப்பார். அந்தக் கயிற்றுக்கு முன்னால் சூப்பர்வைசரும் காண்ட்ராக்ட் ஆளும் சமம். யாருக்கு வேலை நிரந்தரமாகும், எந்த லைனுக்கு ஓ.டி. வரும் என்கிற சேதியெல்லாம் அங்கேதான் முதலில் வரும். புகைக்காதவனுக்கு எல்லாச் சேதியும் பழைய சேதிதான். என் வீட்டுக்காரர் சேதிக்காகப் போய் நின்று, பிறகு சிகரெட்டுக்காகப் போய் நின்றவர்.

மகள் பிறந்தபோது வல்லக்கோட்டை முருகன் சன்னதியில் என் முன்னால்தான் சத்தியம் செய்தார், இனிமேல் சிகரெட்டைத் தொட மாட்டேன் என்று. அர்ச்சகர் கொடுத்த திருநீறை நான் கீழே போகவிடவில்லை. வீட்டுக்கு வந்து, பாலிதீன் தாளில் இறுக்கிப் பொதிந்து, மெழுகு தடவி, மஞ்சள் துணியில் வைத்துச் சுற்றித் தைத்தேன். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு முடிச்சு. ஒயர் கட்டிப் பழகிய கை என்பதால் என் தையல் பிரியாது. அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் போட்டேன். மகள் நடக்கத் தொடங்குவதற்குள் சிகரெட் திரும்பி வந்துவிட்டது. ஆனால் முடிச்சை அவர் கழற்றவே இல்லை. குளிக்கும்போது கூடக் கழுத்தில்தான் கிடக்கும். சத்தியமும் கழுத்தில், சிகரெட்டும் வாயில். இரண்டும் எப்படி ஒரே உடம்பில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவர் கம்பெனியில் வருஷா வருஷம் உடம்பு பரிசோதனை உண்டு. அந்த வருஷம் எக்ஸ்ரே மிஷினை ஒரு வேனில் வைத்துக் கேட்டுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஷிப்ட் தொடங்குவதற்குள் ஒரு லைனை முடித்து அனுப்ப வேண்டும் என்று அவசரம். பேனா, பேட்ஜ், செயின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வாருங்கள் என்றார்களாம், சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. இவர் பேனாவையும் பேட்ஜையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய் நின்றிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். மகளை மாடிக்குப் போய் விளையாடச் சொன்னார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

“நெஞ்சுல இன்னாமோ வெள்ளையா கீதாம். கொட்டப்பாக்கு சைசுல. பெரிய ஆஸ்பத்திரில காட்டச் சொல்லிட்டாங்கோ” என்றார்.

அவருக்குக் காலையில் எழுந்ததும் ஓர் இருமல் வரும். பல் தேய்க்கிற இடத்தில் குனிந்து நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமுவார். அடுத்த வீட்டுக்காரர்கள் அதை வைத்தே மணி சொல்வார்கள். அந்த இருமலைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிவிட்டிருந்தது. அன்றைக்குத்தான் அந்த இருமலுக்கு ஒரு பெயர் இருக்கலாம் என்று தோன்றியது. அந்தப் பெயரை நாங்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை. மகளின் யூனிபார்ம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பயம் எனக்கு வெகு நேரம் பயமாகவே இருக்காது, கோபமாகிவிடும். அவர் மீது கோபப்படவும் முடியவில்லை. வாசலில் அப்படி உட்கார்ந்திருந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? பிறகு போனில் தேடித் தேடிப் படித்தேன். வெளிநாடுகளில் சிகரெட் கம்பெனிகளைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறார்கள். நோய் வந்தவர்களும், செத்தவர்களின் பெண்டாட்டிகளும், அரசாங்கங்களும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். கெடுதல் என்று உள்ளுக்குள் தெரிந்தும் கம்பெனிகள் வெளியே மழுப்பிக்கொண்டு இருந்தன என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது. செத்தவர்களின் பெண்டாட்டிகள் என்று படித்த இடத்தில் போனை மூடி வைத்தேன். பிறகு திறந்து மீதியையும் படித்தேன். அங்கே நடக்கிறது இங்கே ஏன் நடக்காது என்று முடிவு கட்டினேன்.

அவரோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவராக இல்லை. அடுத்த வாரம், ஷிப்ட் மாறட்டும், மாற்று ஆள் கிடைக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். தெரியாமல் இருக்கிறவரை இல்லை என்று ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாத அந்த நாட்களில்தான் நான் கோர்ட்டுக்குப் போனேன். ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வக்கீல். எங்கள் கம்பெனிப் பெண் ஒருத்தியின் ஜீவனாம்ச வழக்கை நடத்திக் கொடுத்தவர். வயதானவர், யாரையும் அவசரப்படுத்தாமல் பேசவிடுவார். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தக் கம்பெனி சிகரெட்? அக்கா கடையில் எது இருக்கிறதோ அது. எத்தனை வருஷமாக? என்னைப் பார்ப்பதற்கு முன்பிருந்தே. அவர் வேலை பார்ப்பது பெயிண்ட் பிரிவில் என்கிறீர்களே, சிகரெட் கம்பெனிக்காரன் அதைத்தானே முதலில் பிடித்துக்கொள்வான், நோய் பெயிண்டால் வந்தது என்று? எல்லாவற்றுக்கும் மேல், பெட்டியில் இவ்வளவு பெரிய படம் போட்டு, இது ஆளைக் கொல்லும் என்று அச்சடித்தே விற்கிறார்களே, எச்சரித்துவிட்டோம் என்று கை கழுவிவிடுவார்களே என்றார்.

அங்கேதான் நான் பிடித்தேன். “அவுக பெட்டியைக் கண்ணால பார்த்ததே கிடையாது சார். ஒண்ணு ஒண்ணா வாங்கிதான் குடிப்பாக. படம் கடைக்காரிக்கு, புகை இவுகளுக்கா?” என்றேன்.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இதை இதுவரை யாரும் தன்னிடம் கொண்டுவந்ததில்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நிலைமையிலும் பெருமைப்பட்டேன், அதுதான் நான். ஆனால் அவர் அதோடு விடவில்லை.

“நல்ல கேள்விதாம்மா. ஆனா கம்பெனி என்ன சொல்லும்? நாங்க பெட்டியாத்தான் வித்தோம், பிரிச்சு வித்தவங்களைக் கேளுங்கன்னு சொல்லும். பிரிச்சது யாரு?”

டீக்கடை அக்கா. மகள் பிறக்கும்வரை என் கம்பெனி பஸ்ஸும் அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். மகள் வயிற்றில் இருந்து, வாந்தியும் மயக்கமுமாக ஷிப்டுக்குப் போன காலத்தில் எனக்கு இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தவர் அந்த அக்காதான். அந்த அக்காவை எப்படிக் கோர்ட்டுக்கு இழுப்பது? வக்கீல், முதலில் நோய் என்ன என்று டாக்டர் சொல்லட்டும், வழக்கைப் பிறகு பார்க்கலாம், இவ்வளவு தூரம் நீங்கள் வந்திருக்கக் கூடாது, அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கே டீக்கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், பொய் சொல்வானேன். கடையில் சிகரெட்டுகள் ஒரு கண்ணாடி டம்ளரில் ஊதுபத்தி மாதிரி நின்றன. பெட்டி எங்கே என்று கேட்டேன். வந்த உடனே பிரித்து டம்ளரில் கொட்டிவிட்டுப் பெட்டியை அடுப்பில் போட்டுவிடுவாராம்.

“அந்தப் படத்தப் பாத்துகினே சோறு துன்ன முடியல தங்கச்சி. நாளெல்லாம் நாந்தானே அதும் மூஞ்சில முழிக்கணும்?” என்றார் அக்கா.

கோபத்தோடு போனவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எச்சரிக்கைப் படம் போட்டவர்கள் யார் பார்ப்பதற்காகப் போட்டார்களோ, அவர் பார்க்கவில்லை. பார்த்த ஒரே ஆளுக்கும் சோறு இறங்கவில்லை. எக்ஸ்ரே விஷயத்தைச் சொன்னேன். அக்கா அடுப்பைத் தணித்தார். பிறகு டீயைக் கையில் கொடுத்து, நாளைக்கே இழுத்துக்கொண்டு போ, நீ சொன்னால் கேட்பான் என்றார்.

இழுத்துக்கொண்டுதான் போனேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, விடிந்ததும் பூந்தமல்லி வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தோம். சென்னையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று போனார். வரக் கொஞ்சம் நேரமானது. பாட்டிலோடுதான் வந்தார். நானும் வரிசையில் இடம் பிடிக்கிற அவசரத்தில் ஒன்றையும் கவனிக்கவில்லை.

டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கம்பெனி வேனில் எடுத்த பழைய படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். எவ்வளவு நாளாக இருமல், எடை குறைந்திருக்கிறதா, சளியில் ரத்தம் வருகிறதா என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் டாக்டர் வாயைப் பார்ப்பதா, என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வல்லக்கோட்டை இருக்கிற திசை எது என்று கூடத் தெரியவில்லை. எந்தப் பக்கம் இருந்தாலும் கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பிறகு டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வைத்த கை நின்றது. பனியனுக்குள்ளே ஏதோ முட்டிக்கொண்டிருந்தது. இது என்ன என்று பனியனை விலக்கினார். முதுகின் வலது பக்கம், தோள்பட்டைக்குக் கீழே, ஒரு மஞ்சள் முடிச்சு. சுற்றிலும் நெருக்கி நெருக்கிப் போட்ட தையல். என் தையல்.

டாக்டர் பழைய படத்தை மறுபடி தூக்கிப் பார்த்தார். முடிச்சைத் தொட்டு அமுக்கிப் பார்த்தார். உள்ளே என்ன என்று என்னைக் கேட்டார். திருநீறு, பாலிதீன், மெழுகு என்று மருந்துச் சீட்டு படிப்பதுபோல் ஒப்பித்தேன். எக்ஸ்ரே எடுத்த அன்றைக்கும் இது முதுகில்தான் கிடந்ததா என்று அவரைக் கேட்டார். அவர் தலையாட்டினார். கழுத்தில் போடுகிறதை ஏன் முதுகுக்குத் தள்ளினீர்கள் என்றார் டாக்டர்.

அவர் தரையைப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படித் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

“சிகரெட் புடிக்கச் சொல்லோ இது முன்னாடி கெடந்தா சாமி பாக்கற மாதிரி கீதுங்க. அதான் பின்னாடி தள்ளி பனியன்ல சொருகிட்டு… புடிச்சிட்டு மறுபடியும் முன்னாடி இஸ்துக்குவேன்.”

அவ்வளவுதான் விஷயம். அந்தக் காலையில் வேன் முன்னால் வரிசையில் நிற்பதற்கு முன் அக்கா கடையில் ஒன்றைப் பிடித்திருக்கிறார். அவசரத்தில் முடிச்சை முன்னால் இழுக்க மறந்திருக்கிறார். நெஞ்சைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் இல்லை, போய் நின்றார்.

டாக்டர் மெதுவாக அடுத்த கேள்வியைக் கேட்டார். “அப்ப இன்னிக்கு எதுக்குப் பின்னாடி இருக்கு?”

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தண்ணீர் பாட்டில் என் மடியில் இருந்தது. அதாலேயே ஒரு போடு போடலாம் என்று கை துடித்தது. சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் அழுதேன்.

முடிச்சைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார்கள். இறுகிய திருநீறும் படத்தில் வெள்ளையாக விழலாம் என்றாலும், முடிச்சுத்தான் அது என்று டாக்டர் முடிவாகச் சொல்லவில்லை, எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். அதனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் பாதி உயிரோடுதான் இருந்தேன். முடிச்சு வியர்வையில் நனைந்து, என் உள்ளங்கையில் சூடாகக் கிடந்தது. அதை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

புதுப் படத்தில் அந்த வெள்ளை இல்லை.

டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எனக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியாது. ஆனால் இல்லாததைப் பார்க்கப் படிப்பு எதற்கு? உட்கார்ந்த இடத்திலேயே உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. யாரோ நெஞ்சின் மேல் ஏற்றி வைத்திருந்த அம்மிக்கல்லை இறக்கினாற்போல இருந்தது. மகளின் யூனிபார்முக்கு இஸ்திரி போட வேண்டும் என்று சம்பந்தமில்லாமல் நினைவு வந்தது. அந்த நினைவே சந்தோஷமாக இருந்தது.

டாக்டர் எங்களை அப்படியே எழுந்து போக விடவில்லை. ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். அவர் வயது ஆள் ஊத வேண்டிய அளவுக்கு அவரால் ஊத முடியவில்லை. பாதியிலேயே இருமினார். இருமல் சிகரெட்டால் வந்ததுதான், அதில் சந்தேகம் இல்லை என்றார் டாக்டர்.

“இந்தத் தடவை படத்துல இருந்தது உங்க சாமி. இப்ப விட்டுட்டா நுரையீரல் இதுக்கு மேல வேகமா கெடாது. விடலைன்னா, அடுத்த தடவை கழட்டி வைக்க முடியாத எதுவாவது இருக்கும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கையை அவராகவே எனக்கு விட்டுக்கொடுத்தார். பூந்தமல்லி தாண்டும்வரை திட்டினேன். சாமிக்குக் கண் முன்பக்கம் மட்டும்தான் என்று உங்களுக்கு எவன் சொன்னான் என்று கேட்டேன். முருகனுக்கு ஆறு முகம் என்பதை உள்ளூர்க்காரருக்குத் திருநெல்வேலிக்காரி நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சுங்கச்சாவடிக்கு முன்னால், மகளுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று கேட்டார். அதற்கு மேல் என்னாலும் திட்ட முடியவில்லை.

வக்கீலுக்குப் போன் செய்து, வழக்கு இல்லை சார் என்றேன். காரணத்தைச் சொன்னதும் வெகு நேரம் சிரித்தார். வழக்கு இல்லை என்று சொல்ல இவ்வளவு சந்தோஷமாக யாரும் தனக்குப் போன் செய்ததில்லை என்றார். ஆனால் அந்தப் பெட்டிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். நான் மறக்கவில்லை. என் வீட்டுக்காரர் பிழைத்ததால் கம்பெனிக்காரன் நல்லவனாகிவிட மாட்டான். அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்த பெண்களின் கையில் எந்த முடிச்சும் இல்லை. அவர்களில் யாராவது ஒருத்தி என்றைக்காவது அந்தச் சந்துக்குப் போவாள். அந்தக் கேள்வியை அவளுக்காக வக்கீலிடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் ஷிப்டுக்கு அவரோடு நானும் போனேன். அக்காவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. கடையில் கண்ணாடி டம்ளரைக் காணோம். சிகரெட்டுகள் பெட்டியிலேயே இருந்தன. பெட்டியின் படம் வாங்குகிறவர்கள் பக்கம் பார்த்திருந்தது. பையன்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிப் பற்ற வைத்தார்கள். வியாபாரம் படுத்துவிடாதா என்று கேட்டேன். இத்தனை நாள் நான் பார்த்தேன், இனிமேல் அவர்களும் பார்க்கட்டும் என்றார் அக்கா. சேதியைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாலைப் பொங்க விட்டுவிட்டார்.

அதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்தது. அக்கா கை போக்கில் டீயை அவர் பக்கம் நகர்த்தி, பழக்கத்தில் ஒரு சிகரெட்டையும் கூடவே நீட்டினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் வலது கை அந்தச் சிகரெட்டுக்குப் போகவில்லை. முதலில் கழுத்துக்குப் போனது. சட்டைக் காலருக்குள் நுழைந்து கயிற்றைப் பிடித்தது. பின்னால் தள்ளுவதற்கு விரல்கள் தாமாகவே மடங்கின. இத்தனை வருஷம் நான் பார்த்தே இராத காரியம், என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

கை அப்படியே நின்றது. பிறகு முடிச்சை வெளியே எடுத்து, சட்டைக்கு மேல், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விட்டார்.

“டீ மட்டும் போதுங்க்கா” என்றார்.